கண்ணில் இருந்த கடிவாளம்

இறாலின் நூற்றாண்டு – பகுதி 7

சென்ற பகுதியை 1968-ல், தைவானில் நிறுத்தியிருந்தோம். டோக்கியோவில் படித்து ஊர் திரும்பிய லியாவ் ஐ-சியு, டைகர் இறாலின் முட்டையைப் பொரிக்கவைத்து, குஞ்சைக் கடைசிப் பருவம் வரை கொண்டுவந்து காட்டிவிட்டார். 1934-ல் ஜப்பானில் மோட்டோசாகு ஃபுஜினாகா குருமா இறாலை வைத்துத் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. முட்டையிலிருந்து வரும் நாப்ளியஸுக்கு இரை வேண்டாம், உடம்பிலிருக்கும் மஞ்சள்கருவே போதும். ஸோயியா ஆனதும் கண்ணுக்குத் தெரியாத டயட்டம் பாசி வேண்டும். மைசிஸ் ஆனதும் நீந்தும் இரை வேண்டும். இந்த வரிசை பிடிபடவே ஃபுஜினாகாவுக்குப் பல ஆண்டுகள் ஆயின. முழு விவரத்தையும் 1942-ல்தான் அவரால் வெளியிட முடிந்தது.

ஆக, 1960-களின் முடிவில் குஞ்சு வளர்க்கும் வித்தை மனிதன் கைக்கு வந்துவிட்டது. தாய் வளர்க்கும் வித்தை வரவில்லை.

ஃபுஜினாகாவும் சரி, அமெரிக்காவின் கால்வெஸ்டன் ஆய்வகத்தாரும் சரி, லியாவும் சரி, எல்லோரும் வேலையைத் தொடங்கியது கடலில் பிடித்த சினை இறாலை வைத்துத்தான். இழுவைப்படகின் வலையில் வரும் பெண் இறாலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் முதுகோரமாகக் கரும்பச்சைக் கோடு ஓடும். அதுதான் பழுத்த சினை. ஆணோடு சேர்ந்து விந்துப்பையை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலையையும் அது கடலிலேயே முடித்திருக்கும். தொட்டியில் விட்டால் பெரும்பாலும் அன்றிரவோ மறுநாள் இரவோ முட்டை இட்டுவிடும். குஞ்சுப் பொரிப்பகத்தின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கடல் கொந்தளித்தால் தாய் இல்லை. பருவம் தப்பினால் தாய் இல்லை. தாய் இல்லாவிட்டால் தொட்டி காலி.

பண்ணைக் குளத்தில் வளர்ந்த இறாலையே தாயாக்கிவிட்டால் என்ன? எல்லோருக்கும் தோன்றிய கேள்விதான். குளத்தில் டைகர் இறால் நன்றாகத் தின்றது, வளர்ந்தது, விற்பனை எடைக்கு வந்தது. சினைப்பை மட்டும் வெறும் நூலாகவே கிடந்தது. இந்த இனத்தின் வாழ்க்கையே இரண்டு வீட்டு வாழ்க்கை. முட்டை இடுவது கரைக்கு அப்பால், உப்பும் வெப்பமும் நிலையாக இருக்கும் கடலில். குஞ்சு அலையோடு கழிமுகத்துக்கு வந்து, சதுப்பு நில நிழலில் வளர்ந்து, வாலிபம் வந்ததும் மறுபடி கடலுக்குப் போகும். பண்ணைக் குளம் இதில் கழிமுகத்தைத்தான் நகலெடுத்தது. ஆழம், இருட்டு, மாறாத உப்பு, கடலடியில் கிடைக்கும் இரை என எதுவும் அங்கே கிடையாது. வளர்வதற்குக் குளம் போதும். இனம் பெருக்கப் போதாது.

விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். விளக்கை மங்கலாக்கினார்கள், வெப்பத்தை ஏற்றி இறக்கினார்கள், தீனியை மாற்றினார்கள். சில இனங்கள் மசிந்தன, டைகர் மசியவில்லை. கடைசியில் வழி திறந்தது இறால் வளர்ப்போடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆய்விலிருந்து.

பாரிஸ் வெளியிட்ட சிறு குறிப்பு

1943. பிரான்ஸ் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பனூஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் ஐரோப்பியக் கரையோரத்தில் கிடைக்கும் சிறு இறால் ஒன்றின் கண்காம்பை அகற்றிப் பார்த்தார். முட்டையிடும் பருவமே இல்லாத காலத்திலும் அதன் சினைப்பை விறுவிறுவென வளர்ந்தது. அவர் தேடியது பண்ணைக்கான உத்தி அல்ல. உடலியங்கியல் புதிர் ஒன்றுக்கான விடை. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் அது ஒரு சிறு குறிப்பாக வந்தது. முப்பது ஆண்டுகள் பண்ணைக்காரர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இறாலின் கண் நேராகத் தலையில் பதிந்திருப்பதில்லை. அசையும் காம்பு ஒன்றின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் நரம்பணுக் கூட்டம் ஒன்றும், அது சுரப்பதைச் சேர்த்து வைத்து இரத்தத்தில் விடும் சுரப்பி ஒன்றும் உண்டு. எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி என்று இவற்றுக்குப் பெயர். அங்கிருந்து வரும் ஹார்மோன்களில் ஒன்று சினைப்பையை வளரவிடாமல் பிடித்து வைக்கிறது. இன்னொன்று தோலுரிப்பைத் தள்ளிப்போடுகிறது. கடலில் சூழல் சரியாக அமையும்போது இந்தப் பிடி தானாகத் தளர்கிறது. குளத்திலும் தொட்டியிலும் தளர்வதில்லை. தளராத கடிவாளத்தை அறுத்துவிட்டால்? பனூஸ் காட்டியது அதைத்தான்.

1970-களின் முற்பாதியில் இந்த யோசனை ஒரே நேரத்தில் பல கரைகளில் முளைத்தது. அமெரிக்காவில் கைலோவெட் 1972-ல் இளஞ்சிவப்பு இறாலில் செய்து, சினைப்பை பழுப்பதைக் காட்டினார். தஹிதி தீவில் அக்வாகாப் என்ற பெயரில் இயங்கிய பிரெஞ்சுக் குழு, ஒன்றிரண்டு அல்ல, பல இன இறால்களைத் தொட்டியிலேயே முதிரவைத்து முட்டையிட வைத்தது. இந்தோனேசியாவில், ஜாவாவின் வடகரையில் உள்ள ஜெபாரா இறால் ஆய்வு மையத்திலிருந்து 1975-ல் ஓர் அறிக்கை வந்தது. டைகர் இறாலிலும் வாழைப்பழ இறாலிலும் கண்காம்பை நீக்கி முட்டையிட வைத்த அனுபவம் அதில் இருந்தது. அந்த அறிக்கையின் முதல் பெயர் இந்தியர் ஒருவருடையது: கே. எச். அலிகுன்ஹி.

மீன் வளர்ப்பு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவின் அங்குலில் கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு ஹீராலால் சௌத்ரி முட்டையிட வைத்தார் அல்லவா? அந்த நாளைத்தான் இன்றும் இந்தியா தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது. அந்தப் பரிசோதனைகளில் சௌத்ரியோடு சேர்ந்து நின்று, கட்டுரையிலும் கையெழுத்திட்டவர் அலிகுன்ஹி. கெண்டைக்கு ஹார்மோனைக் கொடுக்க வேண்டியிருந்தது. இறாலுக்கு ஹார்மோனைப் பறிக்க வேண்டியிருந்தது. தூண்டுவது ஒன்று, தடுப்பதை நீக்குவது இன்னொன்று. இந்த நேர்மாறான இரு வழிகளிலும் முன்வரிசையில் நின்றவர் அவர்.

ஐந்து மாதத் தாய்

ஆரம்பத்தில் இரண்டு கண்ணையும் எடுத்துப் பார்த்தார்கள். சினை வேகமாக ஏறியது. ஆனால் இறால் நிலை தடுமாறிச் சுழன்று, சில நாளில் செத்தது. ஒரு கண்ணை மட்டும் எடுத்தால்? கடிவாளம் பாதி தளர்கிறது, உயிர் நிற்கிறது, முட்டையும் வருகிறது. அன்று முதல் ஒற்றைக் கண் என்பதே உலகெங்கும் வழக்கமாயிற்று.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ மாகாணத்தில் திக்பவான் என்ற கடலோர ஊர். தென்கிழக்கு ஆசிய நாடுகள் சேர்ந்து 1973-ல் அங்கே நீர்வாழ் உயிர் வளர்ப்பு நிலையம் ஒன்றை நிறுவின. 1977-ல் அங்கிருந்து சாண்டியாகோ வெளியிட்ட கட்டுரை இந்தத் தொடரின் முக்கியத் திருப்பங்களில் ஒன்று. குளத்தில் வளர்ந்த டைகர் இறால், கண்காம்பு நீக்கிய பின் முட்டையிட்டது. கடலைத் தொடாமல் குஞ்சு தாயாகி, தாயிலிருந்து மறுபடி குஞ்சு வந்தது. மறு ஆண்டே அதே நிலையத்தின் ஜூர்கென் பிரிமவேரா, ஐந்தே மாத வயதுடைய டைகர் இறாலையும் இதே வழியில் முட்டையிட வைத்ததாக எழுதினார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இறால் குளங்களுக்காக அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டபோது, அதற்கு எதிராக ஆசியாவிலேயே உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவராகப் பின்னாளில் நாம் சந்திக்கப்போவது இவரைத்தான்.

அதே 1977-ல் கொச்சிக்கு அருகே வைப்பின் தீவிலும் விளக்கு எரிந்தது. 1947-ல் மண்டபத்தில் தொடங்கப்பட்டு, பிறகு கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நாரக்கலில் ஓர் இறால் ஆய்வகம் வைத்திருந்தது. முத்துவும் லக்ஷ்மிநாராயணாவும் அங்கே நம் கடல் இறால்களை, முக்கியமாக வெள்ளை இறாலை, கண்காம்பு நீக்கி முதிரவைத்து முட்டையிடச் செய்தார்கள். இறக்குமதித் தீனி வாங்கப் பணம் இல்லாத ஆய்வகம் அது. குஞ்சுக்கு இரையாக, இழுவை வலையில் சிக்கி யாரும் வாங்காமல் கொட்டப்படும் மேண்டிஸ் இறாலைக் காயவைத்து அரைத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். குஞ்சு பிழைத்தது. சிறு முதலீட்டில் கிராமத்திலேயே பொரிப்பகம் நடத்தலாம் என்ற நாரக்கல் வழி அப்படித்தான் பிறந்தது.

இருட்டறையில் ஓர் இரவு

இந்த வித்தை நடைமுறையில் எப்படி இருக்கும்? தாய் இறால் அறைக்குள் போனால் முதலில் தட்டுப்படுவது இருட்டு. சுவர், தொட்டி, கூரை எல்லாம் கறுப்பு. பேச்சுக்குரல்கூடத் தணிந்தே இருக்கும். காலடி அதிர்ந்தாலும் இறால் துள்ளித் தொட்டிச் சுவரில் மோதிக்கொள்ளும். தண்ணீர் இடைவிடாமல் வந்து போய்க்கொண்டிருக்கும். ஒரு நாளைக்குப் பல வேளை தீனி: கணவாய், மட்டி, ஈரல், கழிமுகச் சேற்றைத் தோண்டி எடுக்கும் புழு. புழுவில் சினைக்கு வேண்டிய கொழுப்புச் சத்து இருக்கிறது. எந்தத் தீவனக் கம்பெனியின் குருணையும் முழுதாக அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

கண்காம்பை நீக்க நாள் பார்க்க வேண்டும். தோல் உரித்த கையோடு செய்தால் இரத்தம் நிற்காமல் இறால் சாகும். உரிக்கப்போகும் தறுவாயில் செய்தால் சினை ஏறுவதற்குப் பதில் தோல்தான் உரியும். இரண்டுக்கும் நடுவே, ஓடு கெட்டியாக இருக்கும் நாட்களே சரியானவை. ஈரத் துணியில் இறாலைப் பிடித்துக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கண்காம்பைச் சில விநாடி நெருக்குவார்கள். சில இடங்களில் நூலால் இறுகக் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் காம்பு தானே உதிரும். கண்ணைக் கீறி விரலால் பிதுக்கி எடுப்பதும் உண்டு. கைதேர்ந்தவருக்கு அரை நிமிட வேலை. தண்ணீரில் விட்டதும் இறால் நீந்தப் போய்விடும். அன்றைக்கே தீனி எடுப்பதும் உண்டு.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் நீர் புகாத டார்ச்சுடன் தொட்டியைச் சுற்றி வர வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் முதுகில் சினைக்கோடு தெரியும். முதலில் மெல்லிய நூல், பிறகு பட்டை, கடைசியில் வயிற்றின் முதல் கண்டத்தில் அகன்று வைர வடிவம் எடுக்கும். வைரம் தெரிந்தால் அந்த இறாலை வலைப்பையில் எடுத்து முட்டைத் தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். மூன்று நான்கு நாளிலும் இது நடக்கலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். நள்ளிரவுக்கு முன்பின் இறால் மேலெழுந்து மெதுவாக நீந்தும். நீந்தியபடியே முட்டையை விட்டு, அடிவயிற்றுத் துடுப்புகளால் அதை விசிறிப் பரப்பும். சேர்த்து வைத்திருந்த விந்தும் அதே நேரம் வெளியாகும். பெரிய டைகர் தாய் ஒன்று ஒரே இரவில் இரண்டரை லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை முட்டை போடும். விடிந்து, பகல் ஏறுவதற்குள் நாப்ளியஸ் பொரித்து வெளிச்சத்தை நோக்கி மேலே வரும்.

ஒரு கண் போன தாய் அதோடு நிற்பதில்லை. கடிவாளம் தளர்ந்துவிட்டதால் சில நாளில் மறுபடி சினை பிடிக்கும், மறுபடி முட்டையிடும். முதல் இரண்டு மூன்று ஈட்டில் குஞ்சு திடமாக இருக்கும். போகப் போக முட்டை குறையும், பொரிப்பு குறையும், குஞ்சு சோனியாகும். உடம்பு சேர்த்து வைத்த சத்து எல்லாம் முட்டையில் போய்விடுகிறது. மீண்டும் சேர்க்க அவகாசமில்லை. இயற்கை அந்தக் கடிவாளத்தை வைத்திருந்ததற்கான காரணம் இந்த நாலாவது ஐந்தாவது ஈட்டில் விளங்கிவிடும்.

முட்டை வந்தது, வம்சம் வரவில்லை

வட்டம் மூடிவிட்டது, இனிக் கோழி, மாடு போல இறாலும் மனிதனின் வளர்ப்புப் பிராணிதான் என்று 1977-ல் நினைத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. குளத்து டைகரின் முட்டை கடல் டைகரின் முட்டையைவிடக் குறைவு, பொரிப்பும் மட்டம். குளத்து ஆணின் விந்து நம்பும்படி இல்லை. டைகர் இனத்தில் பெண் தோல் உரித்து மெத்தென்று இருக்கும் சிறு இடைவெளியில்தான் சேர்க்கை. தொட்டியில் அது பல தடவை நடக்காமலே போகும். ஆகவே பொரிப்பகக்காரர்கள் எளிய கணக்கு ஒன்றைப் போட்டார்கள். கடலிலிருந்து பெரிய பெண் இறாலை வாங்கு, சினை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு கண்ணை எடு, முட்டை வாங்கிக்கொள். தலைமுறை தலைமுறையாகத் தாயை வளர்க்கும் செலவும் சள்ளையும் எதற்கு?

கண்காம்பு வித்தை கடலை நம்பியிருப்பதை ஒழிக்கவில்லை. அதைக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. சினையுள்ள இறாலுக்காக மட்டும் காத்திருந்தவர்கள் இப்போது வலையில் வந்த எந்தப் பெரிய பெண் இறாலையும் தாயாக்க முடிந்தது. அந்தச் சௌகரியமே உண்மையான இனவிருத்தியை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒத்திப்போட்டது என்பது என் கணிப்பு.

1980-களின் இறுதியில் இந்தியாவிலும் அலை அடித்தது. கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்திலும் ஒடிசாவில் கோபால்பூரிலும் பெரிய பொரிப்பகங்களை அமைத்துக் காட்டியது. தனியார் பின்தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் தொடங்கி மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரையோரம் பொரிப்பகங்கள் வரிசை கட்டின. அங்கே கடல் நீர் தெளிவு, மணல் நல்ல வடிகட்டி. அத்தனைக்கும் தாய் வேண்டும். விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் தாய் இறால் சந்தையாயிற்று. விசைப்படகு கரை சேர்வதற்கு முன்பே தரகர்கள் காத்திருப்பார்கள். தின்பதற்கு விற்கும் இறாலுக்குக் கிலோ விலை. தாய் இறாலுக்கு ஒற்றை ஒற்றையாக விலை. தட்டுப்பாடான நாட்களில் ஒரே இறால் ஆயிரக்கணக்கில் போனது. ரப்பர்க் குழாய்த் துண்டை மூக்குக் கொம்பில் மாட்டி, ஆக்ஸிஜன் நிரப்பிய பையில் குளிர்நீரில் இட்டு, அட்டைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றினார்கள். கொம்பு பையைக் குத்தினால் பெட்டி முழுக்க நஷ்டம்.

பெட்டிக்குள் தாயோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் பயணம் செய்தது.

தைவானின் டைகர் அறுவடை 1987-ல் உச்சம் தொட்டு, மறு ஆண்டே பாதிக்கும் மேல் சரிந்தது. நெருக்கமான வளர்ப்பு, கெட்டுப்போன நீர், வைரஸ் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. 1992-93-ல் கிழக்கு ஆசியாவில் ஓட்டில் வெண்புள்ளிகளோடு இறால்கள் கரையோரம் ஒதுங்கின. சில நாளிலேயே குளம் முழுதும் செத்தது. 1993-ல் சீனாவின் அறுவடை பாதிக்கும் கீழே போனது. 1994-95-ல் அதே வெள்ளைப்புள்ளி நோய் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தாயிடமிருந்து குஞ்சுக்கு அது பரவும் என்பது பிறகு உறுதியானது. முட்டையிடும் களைப்பில் தாயின் உடம்பில் அடங்கிக் கிடக்கும் வைரஸ் கிளம்பும். முட்டையிடும் முன் எடுத்த சோதனையில் தப்பிய தாய், முட்டையிட்ட பின் எடுத்த சோதனையில் மாட்டிக்கொண்டது. ஒரு தாய், பல லட்சம் குஞ்சு, பல மாவட்டத்துக் குளங்கள். கடலில் கண்ட பெண் இறாலை வாங்கிக் கண்ணை எடுக்கும் வியாபாரம் நோய்க்கு நெடுஞ்சாலை போட்டுக் கொடுத்துவிட்டது.

ஹவாயில் எண் மாட்டிய இறால்கள்

இதற்கு விடை ஆசியாவில் பிறக்கவில்லை. இறால் வளர்ப்பில் பெரிய பெயர் எடுக்காத அமெரிக்காவில் பிறந்தது. அங்கே 1984-ல் கடல் இறால் வளர்ப்புக்கென அரசுப் பணத்தில் பல ஆய்வகங்களை இணைத்து ஒரு திட்டம் தொடங்கியது. கையில் எடுத்த இனம் மத்திய, தென் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி. பனாமாவில் பிடித்த தாயின் நாப்ளியஸிலிருந்து வளர்த்த வனாமி 1973-ல் ஃபுளோரிடாவில் முட்டையிட்டிருந்தது. ஒரு கண்காம்பை நீக்கி, சத்தான தீனி கொடுத்தால் வனாமி தொட்டியிலேயே முதிரும் என்பது 1976-ல் பனாமாவில் தெரிந்துவிட்டது.

வனாமியின் உடலமைப்பே வளர்ப்பவனுக்குத் தோதானது. டைகரைப் போலத் தோல் உரியும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடு கெட்டியாக இருக்கும்போதே, சினை பழுத்த அந்தியில் ஆண் துரத்திச் சேரும். விந்துப்பை பெண்ணின் அடியில் வெளியே ஒட்டி நிற்கும். பணியாள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஒட்டியிருப்பவற்றை மட்டும் பிரித்து முட்டைத் தொட்டிக்கு அனுப்பலாம். தாய் நாற்பது கிராம் போல இருந்தாலே போதும்; ஓர் ஈட்டுக்கு ஒன்று முதல் இரண்டரை லட்சம் முட்டை.

ஆனால் வனாமியையும் ஒரு வைரஸ் படுத்தியது. குஞ்சுகள் கொம்பு வளைந்து, ஒன்றுக்கொன்று அளவு மாறி, பாதி சவலையாக நின்றன. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் அந்தக் கிருமியை அடையாளம் காட்டியிருந்தார். கிருமியோடு மல்லுக்கட்டுவதைவிடக் கிருமி இல்லாத குடும்பத்தையே உருவாக்குவோம் என்று ஹவாயின் கடல்சார் ஆய்வு நிறுவனத்தில் ஜிம் வைபனும் கூட்டாளிகளும் இறங்கினார்கள். பன்றி, கோழி வளர்ப்பில் ஏற்கெனவே பழகிய உத்தி அது. 1989-ல் மெக்சிகோவின் சினலோவாவிலிருந்து குஞ்சுகள் வந்தன. முதல் தனிமைக்கூடம், சோதனை. பிறகு இரண்டாம் தனிமைக்கூடம், மறுபடி சோதனை. அந்த வைரஸுக்குச் சட்டெனச் சாகும் நீல இறால் குஞ்சுகளைச் சோதனைக்கு வைத்தார்கள். சந்தேகத்துக்குரிய இறாலின் சதையைத் தின்ற நீல இறால் செத்தால், அந்தக் கூட்டம் முழுதும் வெளியே. தேறியவற்றை மட்டும் இனவிருத்திக்கு வைத்தார்கள். 1991 வாக்கில் ‘குறிப்பிட்ட நோய்க்கிருமி இல்லாத’ வனாமி பண்ணைகளுக்குப் போனது.

இந்த முத்திரையைப் பலர் இன்றும் தவறாகப் படிக்கிறார்கள். பட்டியலில் உள்ள கிருமிகள் இந்த இறாலிடம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். நோய் வந்தால் தாங்கும் என்று பொருள் இல்லை. 1992-ல் ஈக்வடாரின் டாரா ஆற்றோரப் பண்ணைகளில் கிளம்பிய புதிய நோய் அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவியபோது அது நன்றாகவே தெரிந்தது. அதன் பிறகுதான் சுத்தமான இறாலோடு நிற்காமல், டாரா நோயைத் தாங்கும் குடும்பம் எது, வேகமாக வளரும் குடும்பம் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலை மும்முரமாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக் குஞ்சின் வால்சதையிலும் ஒரு நிறச்சாயம். தாயாகப் போகும் ஒவ்வொரு இறாலின் கண்காம்பிலும் எண் பொறித்த சிறு வளையம். எந்தக் காம்பை வெட்டி எறிந்தார்களோ, அதே காம்பில் இப்போது வம்ச எண் ஏறியது. இதுதான் இனவிருத்தி: தாய் யார், தந்தை யார், அவற்றின் பிள்ளைகள் எப்படி வளர்ந்தன என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையைத் தேர்வது. திக்பவானும் நாரக்கலும் கதவைத் திறந்தன. உள்ளே நுழைந்து கணக்கெழுத வைத்தது நோய்.

நீலாங்கரை வழியாக வந்த தாய்

வெள்ளைப்புள்ளியால் நொந்த ஆசியா, 2000-களின் முதல் சில ஆண்டுகளில் டைகரைக் கைவிட்டு வனாமிக்குத் தாவியது. தாய்லாந்தும் சீனாவும் முந்திக்கொண்டன. அந்நிய இனம் நம் கடலுக்குப் புது நோய் கொண்டுவருமோ என்ற தயக்கத்தில் இந்தியா பல ஆண்டுகள் காத்திருந்து, 2009-ல் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. சென்னை நீலாங்கரையில் இதற்கெனத் தனிமைக்கூடம் ஒன்றை ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அமைத்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் தாய் இறால்கள் முதலில் அங்கே இறங்கும். சோதனை முடிந்து சான்று வந்த பிறகே மரக்காணத்துக்கோ நெல்லூருக்கோ காக்கிநாடாவுக்கோ போகும். இன்று இந்தியா ஏற்றுமதி செய்யும் வளர்ப்பு இறாலில் பெரும்பகுதி இந்தத் தாய்மார்களின் வழிவந்ததே.

கடலை நம்பியிருந்த காலம் முடிந்தது. அந்த இடத்தில் வேறொரு சார்பு வந்து உட்கார்ந்தது. நல்ல வம்சத்தின் மூலக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அவை அனுப்புவது முட்டையிடத் தோதான தாய்களை. அடுத்த வம்சம் தொடங்கத் தோதான குடும்பங்களை அல்ல. நம் குளத்தில் வளர்ந்த வனாமியையே பிடித்துத் தாயாக்கினால் செலவு மிச்சம் என்று குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு. அண்ணன் தங்கை உறவில் பிறந்த குஞ்சு சீராக வளராமல் போனதோடு, குளத்து நோயும் பொரிப்பகத்துக்குத் திரும்பி வந்தது. விலை கொடுத்தது அந்தக் குஞ்சை வாங்கிய விவசாயி.

கண்காம்பு வித்தைக்கும் இப்போது வயதாகிவிட்டது. நேர்த்தியாகத் தேர்ந்தெடுத்த வனாமி குடும்பங்கள் இரு கண்ணோடும் தொட்டியில் முட்டையிடுகின்றன. எண்ணிக்கை சற்றுக் குறையலாம், பெண்களைக் கூடுதலாக வைத்து அதை ஈடுகட்டலாம். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் நீக்காத தாயின் குஞ்சுகள் நோயைக் கூடுதலாகத் தாங்குவதைச் சோதனையில் கண்டார்கள். ஐரோப்பியக் கடைகள் சில கண் நீக்காத தாயின் இறாலையே கேட்கத் தொடங்கியுள்ளன. ஆனால் நம் கரையோரப் பொரிப்பகங்களில் இடுக்கி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. தினமும் ஒரே அளவு நாப்ளியஸ் வேண்டும் என்ற வியாபாரக் கட்டாயம் அப்படி.

1957-ல் கெண்டைக்கு ஊசி போட்ட நாடு, 1977-ல் நாரக்கலில் வெள்ளை இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்த நாடு, 2009-ல் தாய் இறாலை விமானத்தில் இறக்க வேண்டி வந்தது ஏன்? அறிவு குறைவால் அல்ல. முட்டை கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைத்தோம். குடும்பம் குடும்பமாகக் கணக்கெழுதிக் காத்திருக்கும் இருபதாண்டு வேலைக்குப் பணமும் பொறுமையும் ஒதுக்கவில்லை. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை இறாலை வைத்து இப்போது அந்தக் கணக்கைத் தொடங்கியிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதே அதன் அர்த்தம். இந்தமுறையும் முட்டையோடு நின்றுவிட்டால் விமானக் கூலி நம் பேரப்பிள்ளைகள் கணக்கில் ஏறும்.

அடுத்த பகுதியில்: கீழத்தஞ்சையின் நெல் வயல்களுக்குள் உப்புநீர் எப்படிப் புகுந்தது? காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வாங்கிய 1996 தீர்ப்பும், அதன் பின் நடந்தவையும்.

(தொடரும்)